ரெக்கார்டு உறைக்குள் ஒரு சீட்டு: 11 வருஷக் கணக்கு

என் மேஜை இழுப்பறையில் ஆற்காட்டு மக்கன் பேடா வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடக்கிறது. பேடா தீர்ந்த நாளிலிருந்து அதில் சேர்ந்துகொண்டிருப்பவை விசிட்டிங் கார்டு அளவுச் சீட்டுகள். புது எல்.பி. ரெக்கார்டை, அதாவது பெரிய இசைத்தட்டைப் பிரித்து உள்ளுறையை உருவும்போது நழுவி மடியில் விழுமே, அந்தச் சீட்டுதான். அதில் ஒரு இணைய முகவரி இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடும், அதாவது கோடும் (code) இருக்கும். அதைப் போட்டால் அதே ஆல்பம் எம்பி3 ஆகவோ, இன்னும் தரமான ஃபைலாகவோ இறங்கும். ரெக்கார்டுக்குக் கொடுத்த காசிலேயே இதுவும் சேர்த்தி.

2014-இல் ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். 2025 பொங்கல் லீவில்தான் பெட்டியைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தேன். இதுவரை புதிதாக வாங்கிய எல்.பி. 38. சீட்டோடு வந்தவை 23. அவற்றில் நான் கோடு போட்டு டவுன்லோடு செய்தது வெறும் 5. இத்தனைக்கும் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிற ஆள் நான். ஒரு ரூபாய் விட்டுப்போனாலும் தூக்கம் வராது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதியை எப்படி இத்தனை வருஷம் தொடாமல் விட்டேன் என்று எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

முதலில் ரெக்கார்டு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். வேலூரில் லாங்கு பஜாரில் தேடினால் எதுவும் கிடைக்கும் என்பார்கள். புது எல்.பி. மட்டும் என் கண்ணில் பட்டதில்லை. கொஞ்சம் ஆன்லைனில் வாங்குகிறேன். மிச்சமெல்லாம் எங்கள் ஆபீஸ் அண்ணன் புண்ணியம். வருஷத்துக்கு ஒரு தடவை தோல் கண்காட்சிக்கு இத்தாலி போகிறவர், சாம்பிள் தோல்களுக்கு நடுவே நாலு ரெக்கார்டைப் பத்திரமாகச் செருகிக் கொண்டுவருவார். அதனால் என் ஜாஸ் ரெக்கார்டுகள் சிலவற்றின் உறையில் இன்றும் லேசாகத் தோல் வாசனை அடிக்கும்.

ஏன் பயன்படுத்தவில்லை? 2014, 2015-இல் என் போனில் மாதத்துக்கு 1 ஜி.பி. டேட்டா. கோடையில் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்து அளந்து செலவழிப்பதுபோல அதைச் செலவழிப்பேன். 40 நிமிட ஆல்பம் ஒன்று 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இறங்கினால் சுமார் 96 எம்.பி. அதையே தரம் குறையாத ஃபிளாக் ஃபைலாக எடுத்தால் 250 எம்.பி.யைத் தொடும். கையில் ரெக்கார்டே இருக்கும்போது மாத டேட்டாவில் கால்வாசியை யார் அதற்குக் கொடுப்பார்கள்? அப்புறம் பார்க்கலாம் என்று சீட்டைப் பேடா பெட்டியில் போட்டேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா கஷ்டம் தீர்ந்தது. பெட்டியிலிருந்து நாலு சீட்டை எடுத்து வேலையை முடித்தேன். மீதியை மெதுவாகப் போடலாம் என்றிருந்தபோது, 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்துவிட்டது. சாவன், கானா எல்லாம் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் அவற்றில் நான் கேட்டது தமிழ்ப் பாட்டுதான். ஸ்பாட்டிஃபையில் என் ரெக்கார்டுகளில் பாதிக்கு மேல் தேடினால் வந்தன. ஆக, டவுன்லோடு செய்ய வசதி வந்ததற்கும், டவுன்லோடே தேவையில்லை என்று ஆனதற்கும் நடுவில் எனக்குக் கிடைத்தது இரண்டரை வருஷம்கூட இல்லை. மேலை நாடுகளில் 2000-களிலேயே நல்ல இணைய வசதி வந்துவிட்டதால் அங்கே இந்தச் சீட்டுக்கு ஒரு வாழ்வு இருந்திருக்கும். நம் ஊரில் அது வயசுக்கு வருவதற்குள் கிழமாகிவிட்டது.

ஐந்தாவது கோடு தனிக்கதை. 2022 மே மாதம், அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஜோக் அடிப்பார்கள். நாங்கள் சிரிக்க மாட்டோம். நான் ஆபீஸில், வீட்டிலும் யாரும் இல்லை. பார்சல் கொண்டுவந்தவர் மேற்குப் பார்த்த கரண்ட் மீட்டர் பெட்டியின் மேல் ரெக்கார்டை வைத்துவிட்டு, ஒப்படைத்தாகிவிட்டது என்று மெசேஜ் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் பிரித்தால் உள்ளே அப்பளம். சுட்ட அப்பளம். பிளேயரில் வைத்தபோது ஊசி அலையில் மாட்டிய படகு மாதிரி ஏறி ஏறி இறங்கியது. மூன்றாவது சுற்றில் தூக்கியே எறிந்துவிட்டது. இரண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவே வைத்து மேலே கணக்கு லெட்ஜர்களை அடுக்கி ஒரு வாரம் அழுத்திப் பார்த்தேன். வளைவு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அந்த ஆல்பம் ஸ்பாட்டிஃபையிலும் இல்லை. அப்போதுதான் உறைக்குள் கையை விட்டு அந்தச் சீட்டைத் தேடினேன். இருந்தது. கோடும் வேலை செய்தது. இன்று வரை என் காரில் அதிகம் ஓடிய ஆல்பம் அதுதான். ரெக்கார்டு சுவரில் ஆணியில் தொங்குகிறது.

இனி பொங்கல் லீவு பரீட்சை. மிச்சமிருந்த 18 சீட்டையும் ஒரே உட்காரலில் போட்டுப் பார்ப்பது என்று முடிவு. பிளஸ் ஒன் படிக்கும் மகள் படிக்க, நான் டைப் செய்தேன்.

“அப்பா, இது ஜீரோவா, ஓ-வா?”

“நீதான் சொல்லணும்.”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. இதை யார்ப்பா இவ்வளவு பொடி எழுத்துல அடிச்சது?”

நியாயமான கேள்வி. கறுப்பு அட்டையில் சாம்பல் நிற எழுத்து, அதிலும் எறும்பு அளவில். உறைக்கு அவ்வளவு அழகாகப் படம் போடுகிறவர்கள் சீட்டுக்கு மட்டும் ஏன் இப்படிக் கஞ்சத்தனம் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. இரண்டு மணி நேரம் போனது. 18-இல் 9 வேலை செய்தன. 4 காலாவதி, அதில் ஒரு சீட்டில்தான் கடைசித் தேதி அச்சடித்திருந்தது, மற்ற மூன்றும் சொல்லாமல் கொள்ளாமல் செத்திருந்தன. மூன்றுக்கு அந்த இணையதளமே இல்லை. ஒன்று, உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்றது. ரெக்கார்டு மட்டும் என் நாட்டுக்கு வரலாமாம். இன்னொன்றில் மை உரிந்து பாதிக் கோடுதான் மிச்சம்.

இந்தச் சேவையை ஒரு பொருளாக மதிப்பிட வேண்டும் என்றால் இதுதான் என் பெரிய புகார். ரெக்கார்டு ஐம்பது வருஷம் இருக்கும் பொருள். அதனோடு வரும் சீட்டுக்கு ஆயுள் ஐந்தாறு வருஷம்கூட உறுதியில்லை. இன்று ஒரு ரெக்கார்டு கம்பெனி விற்கப்படும், நாளைக்கு அதன் இணையப் பக்கம் மூடப்படும். எனவே புதிதாக வாங்குகிறவர்களுக்கு: கேட்கிறீர்களோ இல்லையோ, பிரித்த அன்றே கோடைப் போட்டு ஃபைலை எடுத்துவைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் செய்யுங்கள். பெரும்பாலும் ஜிப் ஃபைலாக வரும். போனில் அதைப் பிரித்து எங்கே வைத்தோம் என்று தேடுவதற்குள் பாட்டுக் கேட்கும் ஆசையே போய்விடும்.

கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே எல்.பி. வாங்கினால் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் கட்டியதும் ஆல்பம் நம் கணக்கில் வந்துவிடும், எம்பி3, ஃபிளாக் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ரெக்கார்டு கடல் கடந்து வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகும். அதற்குள் பாட்டெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். நான் உண்மையிலேயே உபயோகித்த டிஜிட்டல் இணைப்பு என்றால் இதுதான், இதில் எதையும் டைப் செய்யும் வேலை இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அமேசானும் 2013-இல் ஆட்டோரிப் என்று இதே போல ஒன்றைச் சில நாடுகளில் கொண்டுவந்தது. பேண்ட்கேம்ப் 2022-இல் எபிக் கேம்ஸ் கைக்குப் போய், 2023-இல் சாங்டிரேடர் கைக்கு மாறியது. என் ஆல்பங்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிட்டேன்.

சரி, நான் ஒருவன் சோம்பேறி என்பதால் எல்லோரும் அப்படியா? இதற்கு எனக்கு ஒரு சாட்சி எதிர்பாராமல் கிடைத்தது. 2023-இல் பெங்களூரில் வெளிநாடு குடிபோகிற ஒருவர் தன் ரெக்கார்டுகளை மொத்தமாக விற்றார். காட்பாடியில் ரயில் ஏறிப் போய் 14 எல்.பி. வாங்கி வந்தேன். அதில் 8-இல் சீட்டு இருந்தது. ஒரு கோடு பொதுவாக ஒரு தடவைதான் வேலை செய்யும். ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். 6 கோடுகள் வேலை செய்தன! அப்படியென்றால் பழைய சொந்தக்காரர் அவற்றைத் தொடவே இல்லை. ரெக்கார்டைப் பிரிக்காமல் வைத்திருந்தாரா என்றால் அதுவும் இல்லை. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கம்பி உரசிய தடம் கோலம் போட்டிருந்தது. நன்றாகக் கேட்டு அனுபவித்திருக்கிறார், சீட்டை மட்டும் விட்டுவிட்டார். பழைய ரெக்கார்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் சிலர் ‘கோடு பயன்படுத்தப்படவில்லை’ என்று பெருமையாகக் குறிப்பு எழுதுவார்கள். முன்பெல்லாம் அதை நம்ப மாட்டேன். இப்போது நம்புகிறேன்.

முழுக்க மாறான ஆள் ஒருவரும் உண்டு. எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி, காட்பாடியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். அவரிடம் 4 எல்.பி. இருக்கிறது. பிளேயர் இல்லை. உறைகளைச் சுவரில் மாட்டியிருக்கிறார், கோடு வாங்கிய அன்றே போட்டு ஹெட்போனில் கேட்கிறார். “பிளேயர் வாங்கலியா தம்பி?” என்றால், “எதுக்குண்ணா, பாட்டுதான் வந்துடுச்சே” என்கிறார். முதலில் சிரித்தேன். அப்புறம் படித்தேன்: அமெரிக்காவில் இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லூமினேட் நிறுவனம் 2022-இல் பார்த்ததில், ரெக்கார்டு வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயரே இருந்ததாம். ஆக, சீட்டை அச்சடிப்பது என்னைப் போன்றவனுக்காக இல்லை, அந்தத் தம்பிக்காகத்தான் போலிருக்கிறது. ஆனால் 2020-க்குப் பிறகு நான் புதிதாக வாங்கிய 12 எல்.பி.யில் 4-இல்தான் சீட்டு வந்தது.

காரில் கேட்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு அரை மணி நேரம், அதாவது ரெக்கார்டின் ஒரு பக்கமும் இன்னொரு பக்கத்தில் பாதியும். பென் டிரைவில் போட்டுக் கேட்பேன். என் கார் ஸ்டீரியோ ஃபிளாக்கைப் படிக்காது, எம்பி3 தான். பாட்டின் பெயருக்கு முன் 01, 02 என்று எண் இல்லாவிட்டால் அகர வரிசையில் ஓட்டி ஆல்பத்தைக் கந்தலாக்கிவிடும்.

சத்தத்தில் வித்தியாசம் உண்டா? உண்டு. சீட்டில் வருவது பெரும்பாலும் டிஜிட்டல் வெளியீட்டுக்குச் செய்த ஃபைல். ரெக்கார்டுக்கு வெட்டும்போது, ஊசி துள்ளாமல் இருக்க அடித்தள பேஸை நடுவுக்குக் கொண்டுவருவார்கள், ‘ஸ்’ சத்தத்தை அடக்குவார்கள். பாட்டு ஒன்றுதான், சமையல் வேறு. லாரிச் சத்தத்துக்கு நடுவே காரில் ஃபைல் எடுப்பாகக் கேட்கிறது. ராத்திரி வீட்டில் ரெக்கார்டு. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஃபைல் என் ரெக்கார்டின் நகல் இல்லை. என் ரெக்கார்டில் மூன்றாவது பாட்டில் ஒரு ‘டிக்’ வரும். அது எனக்குப் பழகிவிட்டது. ஃபைலில் அது வராதபோது யாரோ பக்கத்து வீட்டுக்காரர் ரெக்கார்டைக் கேட்பதுபோல இருக்கிறது.

இந்த உறுத்தலில்தான் மாமாவின் பெட்டியைத் திறந்தேன். மாமா வாலாஜாவில் ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்ட அவர்தான் போவார். அவர் கொடுத்த பெட்டியில் 60-க்கும் மேற்பட்ட இ.பி. ரெக்கார்டுகள், அதாவது நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டுகள், பக்கத்துக்கு இரண்டு பாட்டு. லேபிளில் கிராமபோன் கம்பெனி, டம் டம் என்று இருக்கும். இவற்றுக்கு எந்தச் சீட்டும் வராது. பிளேயரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் நானே பதிவு செய்ய ஆரம்பித்தேன். கோடு போட்டால் இரண்டு நிமிஷத்தில் ஆல்பம் இறங்கும். இதில் பாட்டு ஓடும் நேரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார வேண்டும். இருந்தும் சோம்பல் வரவில்லை. இதுவரை 17 முடித்திருக்கிறேன்.

போன மாதம் மாமாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போனோம். பென் டிரைவைச் செருகினேன். கரகரவென்று தொடங்கிப் பாட்டு வந்தது. பேச்சை நிறுத்திவிட்டு டேஷ்போர்டையே உற்றுப் பார்த்தார்.

“மாப்ள, ஊசி தேஞ்சிருக்குடா. ரெக்கார்ட கெடுத்துடும். மொதல்ல அத மாத்து.”

கார் ஸ்டீரியோவில் ஊசி ஏது மாமா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பதிவு செய்த அன்று என் ஊசிக்கு மூன்று வயது. அன்று ராத்திரியே புது ஊசிக்கு ஆர்டர் போட்டேன். அந்த 17-ஐயும் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும்.