நோய்வெர்க் சேற்றுவெளி நடை: காற்றடித்த மறுநாள் போவது நல்லது

ஜெர்மனியின் வடகடல் கரையிலுள்ள குக்ஸ்ஹாஃபெனிலிருந்து நோய்வெர்க் தீவுக்கு, கடல் வற்றியிருக்கும் நேரத்தில் வழிகாட்டியுடன் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்து செல்லலாம். 2009-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற வாடன் கடலை, அதாவது நீர் வற்றும்போது சேற்றுத்தரை வெளிப்படும் இந்த ஆழமற்ற கரையோரக் கடலை, காலால் அறிய இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இத்தகைய நடைகளின் துண்டறிக்கைகள் பெரும்பாலும் இந்தச் சேற்றுவெளியின் கதையை, கடலை ஏற்றி இறக்கும் நிலவின் ஈர்ப்போடு முடித்துவிடும். எங்கள் வழிகாட்டி காற்றுக்கும் உரிய பங்கைக் கொடுத்தார். முந்தைய நாள் பலத்த காற்று வீசியிருந்ததால் அதற்கான சான்று தரையிலேயே கிடந்தது. ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருந்த மணல்வரிகள் நீரோட்டம் இட்டவை. இரு பக்கமும் ஒத்த சரிவுடன் முகடு கூர்ந்திருந்தவை அலை இட்டவை. சில இடங்களில் அலைவரிகளின் பள்ளத்துக்குள், வடிந்த நீர் குறுக்காகச் சிறு வரிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியில் கடல்நீரையும் கைப்பிடிச் சேற்றையும் போட்டுக் குலுக்கினார். மணல் நொடிகளில் அடியில் இறங்கிவிட, மேலே நின்ற கலங்கல் நாங்கள் கிளம்பும்வரை தெளியவில்லை. அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான ஆழத்தில்தான் அலையின் அசைவு தரையை எட்டும் என்பதால், நடுக்கடலில் பொருட்டாகாத சிற்றலைகூட முழங்காலளவு நீரில் சேற்றைக் கிளப்பிவிடுகிறது. அப்படிக் கிளம்பியதை ஓதநீர், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், சுமந்து செல்கிறது. அமைதியான வாரங்களில், ஏறும் நீரின் வேகம் தணிந்து துகள் கீழிறங்கத் தொடங்கினாலும், தரையைத் தொடுவதற்குள் அது இன்னும் சற்றுக் கரைப்பக்கம் தள்ளப்படுகிறது; ஒருமுறை படிந்ததைப் பெயர்க்கக் கூடுதல் வேகம் வேண்டியிருப்பதால் அங்கேயே தங்கியும் விடுகிறது. கோடையில் நுண்பாசிகளின் பழுப்புநிறப் படலம் அதை மேலும் இறுக்கிப் பிடிக்கும். அப்படிச் சேர்ந்ததில் பெரும்பகுதியைக் குளிர்காலப் புயல் சில நாட்களிலேயே கலைத்துவிடும்.

குறைகளும் உண்டு. குழு பெரிதாக இருந்ததால் பின்வரிசையில் நின்றவர்களுக்குப் பாதிப் பேச்சு காற்றோடு போயிற்று. விளக்கம் ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலச் சுருக்கம் மிகச் சுருக்கம். வழியிலுள்ள ஓடையைக் கடக்கும்போது அவசரப்படுத்தினார்கள். சேறும் மணலும் அடுக்கடுக்காகத் தெரிந்த அதன் கரையை நின்று பார்க்க முடியாதது எனக்கு வருத்தமே. ஆனால் நீர் திரும்பும் நேரத்தோடு யாரும் பேரம் பேச முடியாது.

மேற்குக் காற்று பலமாக அடித்தால் நீர் போதுமான அளவு வடியாது, நடை ரத்தாகும். அதைச் சேவைக் குறைபாடாகக் கருதக் கூடாது. ஆகவே கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொண்டு போங்கள். சிப்பி ஓடுகள் காலைக் கிழிக்குமாதலால் கயிறு கட்டும் பழைய காலணி அவசியம். திரும்புவதற்கு, நீர் ஏறியபின் வரும் கப்பலில் முன்கூட்டியே இடம் பதிந்துகொள்ளவும்.