ஆஸ்கர்: முன்பே பதிவான விருதா, முழு நேரலையா?

2022இல் படத்தொகுப்பு, ஒலி, இசை, மூன்று குறும்படப் பிரிவுகள் உட்பட எட்டு விருதுகளை ஒளிபரப்புக்கு முன்பே அரங்கில் கொடுத்து, பதிவை வெட்டி நேரலைக்குள் செருகினார்கள். நேரம் மிச்சமாகும் என்றார்கள். விழா மூன்றரை மணியைத் தாண்டியது. முடிவுகள் அதற்குள் ட்விட்டரில் வந்துவிட, உறை பிரியும்போது பார்ப்பவருக்குப் படபடப்பே இல்லை. 'டியூன்' படம் வென்ற ஆறு விருதில் நான்கு இப்படித்தான் போயின. கொடுமை.

2023இல் 23 பிரிவும் நேரலை. முதுமலை யானைகளின் கதையான 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' குறும் ஆவணப்பட விருது வென்ற கணம் நமக்குச் சுடச்சுடக் கிடைத்தது அதனால்தான். குறையும் உண்டு: இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் பேசியதும் நேரம் முடிந்ததெனச் சொல்லும் இசை எழும்ப, தயாரிப்பாளர் குனீத் மோங்காவால் பேச முடியவில்லை, மனம் வலித்தது. ஆனாலும் நேரலையே மேல். இருவர் வாங்கும் விருதுக்கு, ஏற்புரைக்கான 45 நொடி வரம்பைக் கூட்டட்டும்.