தேக்கு என்ற பெயரில் வந்த வெள்ளைக்கட்டை: விடுதி நடத்துவோர் கவனத்துக்கு

கானாடுகாத்தானுக்கு அருகில், எங்கள் பூர்வீக வீட்டின் பங்கில் ஏழு அறைகளைச் சீர்செய்து விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றியுள்ள தாழ்வாரத்துக்கு 24 நாற்காலிகளும் 6 உணவு மேசைகளும் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் ரூ. 1,80,000-க்குப் பேசி, ரூ. 1,20,000 முன்பணம் கொடுத்து ஏமாந்தேன். அவர் இன்னும் இப்பகுதி விடுதிகளுக்கு மாதிரி நாற்காலியோடு வந்துபோவதாகக் கேள்விப்படுவதால் இதை எழுதுகிறேன்.

அவர் காட்டிய மாதிரி நாற்காலி உண்மையிலேயே நல்ல தேக்கு. பின்கால்கள் முதுகுச்சட்டம் வரை ஒரே கட்டையில் இழைக்கப்பட்டிருந்தன. இணைப்புகளெல்லாம் துளையிட்டு நாக்குச் செருகியவை. ஐப்பசி மழையில் வந்திறங்கிய சரக்கும் பார்வைக்கு அப்படியே இருந்தது. பங்குனி வெயில் ஏறியதும்தான் குட்டு வெளிப்பட்டது: ஈரம் வற்றாத மரம் சுருங்கிப் பொருத்துகள் நெகிழ்ந்தன, சாய்ந்து உட்காருபவரின் பாரம் முழுவதும் விழும் பின்கால் மூட்டில் ஆணியும் பசையும் தவிர வேறொன்றும் இல்லாததால், விருந்தினர் ஒருவர் தரையில் சரிந்தார். நல்லவேளை, காயமில்லை. மேசைகளோ தேக்குத் தோல் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. தினமும் ஈரத்துணியால் துடைத்ததில் விளிம்புகள் ஊறிய அப்பளம்போல் உப்பிவிட்டன.

எங்கள் தச்சர் இருக்கையின் அடிப்பக்கத்தை உளியால் சுரண்டிக் காட்டியபோது, மேலே பூசிய சாயம் உரிந்து வெளிறிய மரம் தெரிந்தது. தேக்கிலும் வைரம் பாய்ந்த நடுக்கட்டைதான் கரையானுக்கும் உளுப்புக்கும் தாங்கும். ஓரத்து வெள்ளைக்கட்டை தாங்காது. எனக்கு வந்தவற்றில் பாதி அந்த வெள்ளை, மீதி தேக்கே இல்லை.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பில்லில் மர நாற்காலி என்றுதானே இருக்கிறது" என்றார். அது உண்மைதான், நான் படிக்காமல் கையொப்பமிட்டிருந்தேன். நுகர்வோர் ஆணையத்தை நாடலாமென்று வழக்கறிஞரைக் கேட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை என்றும், பிழைப்புக்கான சுயதொழிலுக்கு மட்டுமே விலக்கு உண்டு என்றும், நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நான் அதை நிறுவுவது கடினம் என்றும் அவர் சொன்னார்.

ஆகவே மரத்தின் பெயர், வைரக்கட்டையா என்பது, இணைப்பின் வகை, மேசைப் பலகையின் தரம் ஆகிய அனைத்தையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒட்டுப்பலகை (பிளைவுட்) என்றால், நீர் தாங்கும் வகைக்குரிய இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரி நாற்காலியில் இருவரும் கையொப்பமிட்டு, கடைசி உருப்படி வந்திறங்கும்வரை அதை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய தேக்கு உத்தரங்களை அறுத்து, கால்களுக்கும் சட்டத்துக்கும் மட்டும் அந்த மரத்தை வைத்து, இருக்கையைத் தனியே கழற்றி மாற்றும்படி எல்லா நாற்காலிகளையும் ஒரே அளவில் தச்சர் செய்து வருகிறார். ஆத்தங்குடித் தரையை நாள்தோறும் ஈரத்தால் மெழுகுவதால், தண்ணீர் ஏறாதிருக்கக் கால்களின் அடியில் ரப்பர் புஷ்ஷும் போடுகிறார். இதுவரை பதினொன்று முடிந்திருக்கின்றன.