வண்டலைக் கொட்டுவதா, மதகைத் திறப்பதா?

நன்னீர் ஓதச் சதுப்பு என்பது, உப்பு ஆயிரத்தில் அரைப் பங்குக்கும் குறைவாக இருந்தும் ஓதத்துக்கு, அதாவது கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப, நீர் உயர்ந்து தாழும் நிலம். நகரத்து ஆற்றோரத்தில் அதை மீட்க முனைபவர்களுக்கு முதல் சிக்கல் செடியோ பறவையோ அல்ல, தரையின் உயரம். ஓதம் வற்றும்போது சேறு எத்தனை மணி நேரம் வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்தே எங்கே அல்லி வகைகள் நிற்கும், எங்கே காட்டரிசி முளைக்கும், எங்கே சம்பங்கோரை மண்டும் என்பது தீர்மானமாகிறது. சில அங்குலம் பிசகினால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வரும், அல்லது ஒன்றுமே வராது.

வாஷிங்டன் நகரின் அனகோஸ்டியா ஆற்றில் கையாண்ட வழி, தூர்வாரிய வண்டலைக் கொட்டித் தரையை உயர்த்தி நாற்று நடுவது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கிருந்த சதுப்புகளைத் தோண்டியும் தூர்த்தும் ஒழித்த ராணுவப் பொறியாளர் படையே, 1993-ஆம் ஆண்டுவாக்கில் கெனில்வொர்த்திலும் 2000-இல் கிங்மேனிலும் அவற்றைத் திரும்பக் கட்ட இறங்கியது. கெனில்வொர்த் விரைவில் பச்சை பிடித்தது. கிங்மேனிலோ வண்டல் அமுங்கித் தரை தாழ்ந்தது. போதாக்குறைக்கு, வலசை போகாமல் அங்கேயே தங்கிவிட்ட கனடா வாத்துகள் இளநாற்றுகளை மேய்ந்து தீர்த்தன. வேலியிட்ட பாத்திகளுக்குள் செடி நெருங்கி நிற்க, வேலிக்கு வெளியே வெறும் சேறு பளபளத்தது.

பெல்ஜியத்தின் ஷெல்ட் ஆற்றில், ஆன்ட்வெர்ப் நகருக்கு முன்னதாக ஆற்றின் மேலோட்டத்தில் உள்ள லிப்பன்புரூக்கில், 2006-இல் தொடங்கிய முயற்சி இதற்கு நேர்மாறானது. அங்கே மண் கொட்டவில்லை. ஆற்றின் ஓத மட்டத்தைவிட மிகவும் தாழ்ந்துபோயிருந்த பழைய வயல்நிலத்தைக் கரைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நுழைவு மதகை உயரத்திலும் வெளியேற்று மதகைத் தாழ்விலும் அமைத்தார்கள். ஓதத்தின் உச்சிப்பகுதி மட்டுமே உள்ளே விழுகிறது. வெளியே ஆறு இறங்கியதும் தாழ்ந்த மதகு வழியே வடிகிறது. அமாவாசை, பௌர்ணமியின் பெரிய ஓதத்துக்கும் அட்டமியின் சிறிய ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு உள்ளேயும் தெரிவதுதான் இதன் நுட்பம். நிலத்துக்கு ஏற்ப நீரைக் குறைத்ததால், செடிகள் தாமாகவே வந்து அமர்ந்தன. பள்ளமான இடங்களில் ஆறே வண்டலைப் படியவிட்டது. புயல் ஓதத்தின்போது தாழ்த்திய கரை வழியே வெள்ளத்தை உள்வாங்கும் வேலையும் அந்நிலத்துக்கு உண்டு.

கரையை உடைத்துவிட்டு ஓதத்தை முழுமையாக விடுவது எளிய வழி என்று தோன்றலாம். ஆனால் தாழ்ந்த நிலம் அப்போது சதுப்பாகாமல் நீர்ப்பரப்பாகவோ வெற்றுச் சேறாகவோதான் கிடக்கும்.

என் பார்வையில், கரைக்குப் பின்னே தாழ்ந்த நிலம் இருக்கும் நகரங்களுக்கு மதகு முறையே மேல். உயரத்தை ஒருமுறை தவறாகக் கணித்தாலும் மதகைத் திருத்தலாம், கொட்டிய வண்டலை அள்ள முடியாது. அதே வேளையில் மதகுக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். குப்பை அடைத்தால் ஓதம் நிற்கும், மீன்களும் அந்த மதகுகளின் வழியாகத்தான் வந்து போக வேண்டும். அனகோஸ்டியாவைப் போலச் சதுப்பை ஆற்றுக்குள்ளேயே அகழ்ந்து தொலைத்த இடத்தில் மதகு வைக்கக் கரையே இல்லை. அங்கு வண்டல்தான் வழி. அப்போது நகரத்துக் கழிவின் நஞ்சு அதில் எவ்வளவு என்பதை முன்கூட்டியே சோதிப்பதும், அமுங்கும் அளவைக் கணக்கிட்டுச் சற்றுக் கூடுதலாகக் கொட்டுவதும், நட்ட அன்றே வேலி போடுவதும் செலவுக் கணக்கில் முதல் வரிகளாக இடம்பெற வேண்டும்.