நல்ல ஸ்கிரீனர்தான், ஆனாலும் வாங்காதே என்றேன்

"மாமா, நீங்க வச்சிருக்கிற அந்த ஸ்கிரீனர் சந்தாவைப் பாதி விலைக்குக் கொடுக்கிறாங்க. கம்பெனிகளை அலசக் கத்துக்கணும்னு ரொம்ப நாளா நினைக்கிறேன், வாங்கிடட்டுமா?" குரோம்பேட்டையில் இருக்கும் என் மச்சினன் போன வாரம் கேட்டான். வாங்காதே என்றேன். அவனுக்கு ஆச்சரியம். பங்குச் சந்தை நிறுவனங்களின் கணக்குகளைத் தொகுத்து, நமக்கு வேண்டியபடி வடிகட்டிக் காட்டும் அதே தளத்தைப் பல வருஷமாக அவனிடம் புகழ்ந்து வந்தவன் நான்தான். அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பத்து வருட லாப நஷ்டக் கணக்கு, வடிகட்டும் வசதி, பி.இ. (பங்கின் விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு), ஆர்.ஓ.சி.இ. (தொழிலில் போட்ட மூலதனத்துக்கு எவ்வளவு லாபம்) என்று எல்லாத் தளங்களிலும் இருப்பது இதிலும் உண்டு. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான் இத்தனை வருஷம் பணம் கட்டியது ஆவணங்கள் பக்கத்துக்காக. ஒரு நிறுவனத்தின் பழைய ஆண்டறிக்கைகள், கான்கால் உரைகள் (முதலீட்டாளர்களோடு நிர்வாகம் தொலைபேசியில் நடத்தும் கூட்டத்தின் எழுத்து வடிவம்), கடன் தர மதிப்பீட்டு அறிக்கைகள் எல்லாம் தேதி வாரியாக ஒரே இடத்தில் இருக்கும். முன்பெல்லாம் ஆண்டறிக்கை பங்குதாரர் வீட்டுக்குத் தபாலில் வரும். நிர்வாகத்திடம் நேரில் கேள்வி கேட்க வேண்டுமென்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும் நாளில் மியூசிக் அகாடமிக்கோ நாரத கான சபாவுக்கோ போக வேண்டும். கான்கால் உரையை வெளியிடுவது 2022 ஏப்ரல் முதல் கட்டாயமானதால், பெரிய ஃபண்டு மேலாளர் கேட்கும் கேள்வியையும் அதற்கு வரும் பதிலையும் வேளச்சேரியில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க முடிகிறது. என் பாடம் பெரும்பாலும் இங்கேதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய உரையை எடுத்து, "அடுத்த ஆண்டு புதிய ஆலை தயாராகிவிடும்" என்று சொன்னார்களா என்று பார்ப்பேன். அப்புறம் இந்த வருட ஆண்டறிக்கையில் அந்த ஆலை இன்னும் "கட்டுமானத்தில் உள்ள சொத்து" என்ற வரியிலேயே கிடக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நிர்வாகத்தை எடைபோட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தர மதிப்பீட்டு அறிக்கைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இவற்றைத் திறப்பதே இல்லை. கிரிசில், இக்ரா, கேர் போன்றவை எழுதும் இந்த அறிக்கைகள் சில பக்கங்கள்தான் இருக்கும். கடன் கொடுத்தவரின் கண்ணால் எழுதப்பட்டவை என்பதால் விளம்பர வாசனை இருக்காது. விற்பனையில் எவ்வளவு ஒரே வாடிக்கையாளரிடம் போகிறது, சரக்கு எத்தனை நாள் தேங்குகிறது, வங்கி அனுமதித்த கடன் வரம்பில் எவ்வளவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்பதெல்லாம் நேரடியாக இருக்கும். சில நிறுவனங்களின் பெயருக்குப் பக்கத்தில் "இஷ்யூயர் நாட் கோஆபரேட்டிங்" என்று போட்டிருப்பார்கள். கேட்ட தகவலை நிறுவனம் தரவில்லை என்று பொருள். அதைப் பார்த்தால் நான் அந்த நிறுவனத்தை அதோடு விட்டுவிடுவேன்.

எண்களிலும் இந்தத் தளம் எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. 2023 ஜூனில் எம்.ஆர்.எஃப். பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது அலுவலகத்தில் எல்லாரும் "ரொம்ப விலை" என்றார்கள். அந்த நிறுவனத்துக்கு மொத்தமே சுமார் 42.4 லட்சம் பங்குகள்தான், அதனால்தான் ஒரு பங்கின் விலை அவ்வளவு என்பதைத் தளத்தைத் திறந்து காட்டினேன். பங்கின் விலையை மட்டும் வைத்து மலிவா, விலை அதிகமா என்று சொல்ல முடியாது என்பது உடனே புரிந்துவிட்டது. மணலி சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் சென்னை பெட்ரோலியத்தின் கதை இதற்கு நேர் எதிர். 2022-23-இல் சுத்திகரிப்பு லாப விகிதம் உச்சத்தில் இருந்ததால் லாபம் எகிறியது, பி.இ. 2-க்கும் கீழே வந்தது. தளம் பச்சை நிறத்தில் "மலிவு" என்று காட்டியது. 2024-25-இல் லாபம் சரிந்துவிட்டது. லாபம் மாறி மாறி ஏறி இறங்கும் சுழற்சித் தொழில்களில் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும் நேரம் பெரும்பாலும் லாபம் உச்சத்தில் இருக்கும் நேரம். இதில் தளத்தைக் குறை சொல்ல மாட்டேன். எண் சரிதான், அதைப் படிக்க வேண்டியது நாம்.

எண்ணே தவறாக இருந்தால் என்ன செய்வது? என் கோபம் அதில்தான்.

சோழமண்டலம் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முருகப்பா குழுமத்தின் முதலீட்டு நிறுவனம் அது. சோழமண்டலம் இன்வெஸ்ட்மென்ட் என்ற வாகனக் கடன் நிறுவனத்தில் அதற்குப் பாதிக்கும் சற்றுக் குறைவான பங்கு இருக்கிறது. சோழா எம்.எஸ். காப்பீட்டு நிறுவனத்தில் 60 சதவீதம், மீதி 40 ஜப்பானின் மிட்சுயி சுமிட்டோமோவிடம். தாய் நிறுவனத்தை மட்டும் காட்டும் ஸ்டாண்ட்அலோன் கணக்கைப் பார்த்தால் வருமானம் பெரும்பாலும் டிவிடெண்டுதான், அதனால் துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டும் கன்சாலிடேட்டட் கணக்கைப் பார்க்க வேண்டும். அதில் துணை நிறுவனங்களின் முழு லாபமும் ஒரே வரியில் வந்துவிடும். சட்டப்படி அப்படித்தான் காட்ட வேண்டும், தவறில்லை. அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருக்கும். தாய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு உரியது எவ்வளவு, துணை நிறுவனங்களின் மற்ற பங்குதாரர்களுக்கு உரியது எவ்வளவு என்று அவை பிரித்துச் சொல்லும். இந்த நிறுவனத்தில் பாதிக்கும் மேற்பட்ட லாபம் மற்றவர்களுடையது.

என் தளம் அந்த இரண்டு வரிகளைப் பார்ப்பதே இல்லை. மேலே உள்ள மொத்த லாபத்தால் சந்தை மதிப்பை வகுத்து பி.இ. என்று போட்டுவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்பு 1,000 கோடி, மொத்த லாபம் 100 கோடி, அதில் நமக்கு உரியது 45 கோடி என்று வைத்துக்கொள்வோம். தளம் பி.இ. 10 என்று காட்டும். உண்மையில் அது 22. அண்ணன் தம்பிகள் பங்கு வைத்திருக்கும் வீட்டின் வாடகை முழுவதையும் ஒருவன் தன் வருமானம் என்று எழுதிக்கொள்வது போன்றது இது. 2020-இல் சிஜி பவரைக் கையில் எடுத்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பக்கத்திலும் இதே குறைதான். சிஜி பவரில் அதற்கு இருப்பது பாதிக்குச் சற்று மேல். ஆனால் தளம் முழு லாபத்தையும் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் அந்தத் தவறான பி.இ.யை வைத்துத்தான் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பச்சை வட்டமும் வரைகிறார்கள்.

வாடிக்கையாளர் சேவைக்குக் கணக்கோடு எழுதினேன், பங்குச் சந்தைக்கு நிறுவனம் தாக்கல் செய்த முடிவின் படத்தையும் வைத்து. "உங்கள் கருத்துக்கு நன்றி, குழுவிடம் தெரிவித்துவிட்டோம்" என்று பதில் வந்தது. அடுத்த காலாண்டிலும் எழுதினேன், அதே பதில். ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் கணக்கை இயந்திரம் தொகுக்கும்போது இங்கும் அங்கும் பிழை வரும், அது எனக்குப் புரியும். இது அந்த வகைப் பிழை இல்லை. ஒரே சூத்திரத்தை மாற்றினால் எல்லா நிறுவனங்களுக்கும் சரியாகிவிடும். நடுவில் புது வண்ணம், புது முகப்பு, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயலி என்று எத்தனையோ வந்துவிட்டன. இதை மட்டும் யாரும் தொடவில்லை.

நீங்கள் எந்தத் தளம் வைத்திருந்தாலும் இதை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். நிறுவனத்தின் கன்சாலிடேட்டட் முடிவில் கடைசியில் ஒரு பங்குக்கான ஈட்டுத்தொகை, அதாவது இ.பி.எஸ்., இருக்கும். அது நம் பங்குக்கு உரிய லாபத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. கடைசி நான்கு காலாண்டு இ.பி.எஸ்.ஸைக் கூட்டி, பங்கு விலையை அதனால் வகுங்கள். தளம் காட்டும் பி.இ.யோடு ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று தோண்டுங்கள். இங்கே சொன்ன நிறுவனங்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், வாங்கவோ விற்கவோ சொல்லவில்லை. நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவுபெற்ற ஆலோசகனும் இல்லை.

சரி, ஆவணப் பக்கம் இவ்வளவு நன்றாக இருக்கும்போது ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்த ஆவணங்கள் பி.எஸ்.இ., என்.எஸ்.இ. ஆகிய பங்குச் சந்தைகளின் தளங்களிலும் மதிப்பீட்டு நிறுவனங்களின் தளங்களிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. சிதறிக் கிடக்கும், தேட வேண்டும், அவ்வளவுதான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் முதலில் பார்ப்பது பச்சை வட்டத்தை. ஆவணப் பக்கத்துக்கு அவன் வந்து சேர்வதற்குள் பணம் போட்டுவிடுவான். அதற்கு விலை பாதி என்றாலும் அதிகம்தான். என் சந்தாவும் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. தேடுவதில் என் ஞாயிற்றுக்கிழமைகள் போகும், தெரிந்தேதான் சொல்கிறேன். பி.இ. கணக்கில் அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே பழைய முழு விலையைக் கட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன்.