ஆறடிக்காரருக்கு ஸ்போர்ட் பைக்: சீற்றா, புட்ரெஸ்டா, ஹான்டிலா?

ஆறடியைத் தாண்டியவர் 150 சிசி ஸ்போர்ட் பைக்கில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஓடினால் முழங்கால், மணிக்கட்டு, பிடரி மூன்றும் நோகும். தூரம் என்னவோ ஏறக்குறைய 80 கிலோமீற்றர்தான். ஆனால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ9 வீதி பெரும்பாலும் நேராகவே போவதால் உடம்பை இப்படி அப்படி அசைக்க வேலை வராது. மடக்கிய கால் மடக்கியபடியே இறுகும்.

யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பின் சீற் நிலத்திலிருந்து 815 மில்லிமீற்றர் உயரம். பஜாஜ் பல்சர் ஆர்எஸ்200இல் அது 810. இந்த இலக்கத்தைப் பார்த்து உயரமான ஆளுக்குத் தோதான பைக் என்று முடிவெடுக்க வேண்டாம். நிறுத்திக் காலூன்றும்போதுதான் அந்த அளவுக்கு வேலை. ஓடும்போது கணக்கில் வருவது சீற்றிலிருந்து புட்ரெஸ்டுக்கும் ஹான்டிலுக்கும் உள்ள இடைவெளி. அதைத் திருத்த மூன்று வழி உண்டு. நான் சீற்றைத்தான் மாற்றினேன். யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

பைக்கையே விற்றுவிட்டு நிமிர்ந்து இருந்து ஓடுகிற யமஹா எஃப்இசட்டோ ட்ரெயில் பைக்கோ வாங்கலாம்தான். ஸ்போர்ட் பைக்கில் ஆசை வைத்தவருக்கு அது பதிலாகாது.

முதலில் ஹான்டில். முன் ஃபோர்க் குழாய்களைக் கவ்வியிருக்கும் இரண்டு துண்டுகளையும் கழற்றி உயரமானவை பூட்டுவார்கள், அல்லது ஒற்றைக் குழாய் ஹான்டில் போடுவார்கள். மணிக்கட்டு நோவுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஹான்டில் ஏற ஏற அக்சிலேற்றர் கேபிள், கிளச் கேபிள், பிறேக் ஹோஸ், சுவிட்ச் வயர் எல்லாம் எட்டாமல் போகும். பூட்டி முடித்ததும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கியர் போடாமல், ஹான்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது எஞ்சின் இரைச்சல் கூடினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அந்தப் பைக்கை வீதியில் இறக்கவே கூடாது. பெருவிரல் பெற்றோல் ராங்கில் நசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று, நெஞ்சு நிமிர்ந்தால் முன்னால் காற்றை மறிக்கும் கண்ணாடிக்கு மேலால் வரும் காற்று முழுவதும் நெஞ்சிலும் ஹெல்மெற்றிலும் விழும். சோளகம் அடிக்கிற நாளில் ஆனையிறவு வெளியைக் கடந்தவர்களுக்கு அது விளங்கும்.

புட்ரெஸ்டை ஓர் அங்குலம் இறக்குவது முழங்காலுக்கு நேரடியான வைத்தியம். இடுப்பும் கையும் இருந்த இடத்திலேயே இருக்கும். வளைவில் சரிக்கும்போது நிலத்தில் முட்டும் என்று பயப்படுத்துவார்கள். ஏ9இல் அப்படிச் சரிக்கிற வளைவு எங்கே இருக்கிறது? எனக்குப் பயம் குளக்கட்டு வீதிகளிலும் கிறவல் ஒழுங்கைகளிலும்தான். அங்கே இறங்கி நிற்கிற இரும்பு கல்லில் அடிபட்டால், அது பூட்டியிருக்கும் அலுமினியத் தட்டிலுள்ள புரி கழன்றுவிடும். கியர் லீவரையும் பின் பிறேக் மிதியையும் கூடவே இறக்க வேண்டும். பிறேக் லைற் சுவிட்சைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இப்படிச் செய்த சிநேகிதர் ஒருவரின் பைக்கை மாங்குளம் வரை ஓடிப் பார்த்ததுதான் என் அனுபவம். சுகமாகத்தான் இருந்தது. நாள்பட ஓடியவர் சொல்லைத்தான் இதில் நம்ப வேண்டும்.

இனி சீற். பைக்கோடு வந்த சீற்றில் கைவைக்காதீர்கள். பழைய சீற் ஒன்று தனியாக வாங்கி, அதைக் குஷன் வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். அவர் வழக்கமாகச் செய்வது மேலே மெத்தென்ற ஸ்பொஞ்சை ஏற்றித் தைப்பது. கடையில் அமர்ந்து பார்க்கும்போது சொர்க்கமாக இருக்கும். அரை மணித்தியாலம் ஓடினால் அது அமுங்கித் தட்டையாகி, உயரம் பழையபடி வந்துவிடும். அடியில் துகள் ஒட்டிச் செய்த கெட்டி ஸ்பொஞ்சும், மேலே மெல்லிய படையாக மெதுவானதும் வேண்டும் என்று கேளுங்கள்.

எங்கே ஏற்றுவது என்பது உயரத்தை விட முக்கியம். ஸ்போர்ட் பைக் சீற் ராங்கை நோக்கிச் சரிந்திருக்கும். பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு முன்னால் வழுக்க, பாரம் முழுவதும் மணிக்கட்டில் விழும். அந்தச் சரிவை நிரப்பி மட்டமாக்கினால் ஒன்றேகால் அங்குலத்திலேயே முழங்காலும் விரியும், உடம்பும் பின்னால் தள்ளி நிற்கும். ஒரேயடியாக இரண்டு அங்குலம் ஏற்றினால் ஹான்டில் தாழ்ந்துபோய் முதுகு கூடக் குனியும். சீற்றின் முன்பக்கத்தை ஒடுக்கமாகவே விடச் சொல்லுங்கள், கால் ஊன்றச் சுலபம். பின்னால் இருப்பவருக்கும் இதில் நன்மை உண்டு: இரண்டு சீற்றுக்கும் இடையிலான படி குறைவதால் அவர் உங்கள் முதுகில் வந்து விழ மாட்டார்.

தையல் மேற்பரப்பில் வரக்கூடாது, பக்கத்தில் வரவேண்டும். றெக்சினுக்கு அடியில் பொலித்தீன் ஒன்றும் போடச் சொல்லுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் தையலால் தண்ணீர் இறங்கினால் கெட்டி ஸ்பொஞ்ச் லேசில் காயாது. கறுப்பு றெக்சின் வைகாசி வெயிலில் தொடையைச் சுடும். நிழல் இல்லாத இடத்தில் நிறுத்தினால் மேலே ஒரு சாக்கு போடுவதைத் தவிர வழி இல்லை.

இவ்வளவும் சொன்னாலும், என்னைச் சீற்றின் பக்கம் சாய்த்தது விற்பனைதான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பாவித்த பைக் என்பது காசாக மாற்றக்கூடிய சொத்து என்று எல்லாருக்கும் பதிந்துவிட்டது. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது முன்பக்கம். ஹான்டில் மாறியிருந்தால், ஃபோர்க்கில் கவ்விய கீறல் இருந்தால், நீட்டி ஒட்டிய வயர் தெரிந்தால், "முன்னுக்கு அடிபட்ட பைக்" என்றுதான் அவர் மனம் ஓடும். "நான் ஆறடி, அதனால் மாற்றினேன்" என்று நீங்கள் சொன்னால் நம்புவாரா? விலை அந்த இடத்திலேயே இறங்கும். புட்ரெஸ்டில் வெல்டிங் இருந்தாலும் இதே கதை. 2025 தொடக்கத்தில் மேலதிகமாகப் பூட்டிய பொருட்களைப் பொலிஸார் கழற்றச் சொன்னதற்குப் பிறகு, வெளியில் தெரிகிற மாற்றத்துக்கு ஆட்கள் இன்னும் யோசிக்கிறார்கள். சீற் அப்படியில்லை. சில போல்ற்றைக் கழற்றிப் பழையதைப் பூட்டினால் பைக் வந்த கோலத்தில் நிற்கும். செய்த சீற்றையும் வேறொரு நெட்டைக்காரருக்கு விற்கலாம்.

ஒரு விதிவிலக்கு. உயரம் காலில் உள்ளவருக்கே நான் சொன்னது பொருந்தும். கால் அளவாகவும் முண்டம் நீளமாகவும் உள்ளவருக்குச் சீற்றை ஏற்றினால் குனிவுதான் கூடும். பைக்கில் இருந்தபடி பக்கத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முழங்கால் செங்கோணத்துக்கு உள்ளே நெருங்கி மடங்கினால் சீற். முழங்கால் தாராளமாக இருந்து முதுகு மட்டும் வளைந்திருந்தால் ஹான்டில். கழற்றியதை எல்லாம், ஆணி உட்பட, ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.