ஈ-வெரிஃபை: ஆள் எடுப்பவர் கண்ணில்

ஈ-வெரிஃபை என்பது, புதிதாகச் சேர்ந்தவருக்கு அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று அரசுப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இணையச் சேவை. அமெரிக்க மத்திய அரசு ஒப்பந்தத்தில் ஈ-வெரிஃபை ஷரத்து இருந்தால், சின்ன நிறுவனமும் 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். கட்டணம் இல்லை. ஒருவரின் விவரத்தை அனுப்பினால் அது ஒரு கேஸ்; பெரும்பாலான கேஸ்களுக்குச் சில விநாடியில் பதில் வந்துவிடும். விண்ணப்பதாரரை வடிகட்ட இதைப் பயன்படுத்தக் கூடாது. அவர் வேலைக்குச் சம்மதித்து, வேலை அனுமதியைக் காட்டும் ஐ-9 படிவம் நிரப்பிய பிறகுதான். புதிதாகச் சேர்ந்தவர் வேலை தொடங்கியதிலிருந்து மூன்று வேலைநாளுக்குள் கேஸைத் தொடங்க வேண்டும்.

தகராறு பல நேரம் பெயரில்தான். கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்றிய பெண், சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் மாற்றாமல் விட்டிருந்தால் பொருந்தாமல் போகலாம். நம்மூர் ஒற்றைப் பெயர்க்காரர் என்றால் அந்தப் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் 'அன்நோன்' (Unknown) என்று அடிக்க வேண்டும். அபத்தம்தான், ஆனால் விதி அது.

திரையில் படம் வந்தால் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். அவர் கொடுத்த ஆவணத்தில் உள்ள படத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

பொருந்தவில்லை என்று வந்தால் 10 அரசு வேலைநாளுக்குள் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். அவர் அந்த முடிவை எதிர்ப்பதாகச் சொன்னால், கேஸை மேல் பரிசீலனைக்கு அனுப்பியதிலிருந்து சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தையோ உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையையோ தொடர்புகொள்ள அவருக்கு 8 அரசு வேலைநாள் உண்டு. முடிவு வரும்வரை இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவோ சம்பளத்தைப் பிடிக்கவோ கூடாது.